பிறந்த ஆண்டு பேஸ் கிட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் தேவாலயப் பாடகர் குழுவிலும் மெல்லிசை மேடைகளிலும் பேஸ் வாசிக்கிறேன். 1978-இல் பிறந்தவன். என் கையில் இருப்பதும் 1978-இல் ஜப்பானில் செய்யப்பட்ட பேஸ். இந்தச் செய்தி எப்படியோ பரவிவிட்டது. கச்சேரி இடைவேளை, கல்யாணப் பந்தி, பல் மருத்துவரின் காத்திருப்பு அறை என்று இடம் பார்க்காமல் கேட்கிறார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. பதில்களை எழுதி வைத்துவிட்டால் பந்தியிலாவது நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று இதைத் தொகுத்தேன்.

பிறந்த ஆண்டு பேஸ் என்றால் என்ன? ராசி பார்த்து வாங்குவதா?

ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. வாங்குபவர் பிறந்த அதே ஆண்டில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கருவி, அவ்வளவுதான். பழைய கருவிகளின் சந்தை மிகப் பெரியது. எதைப் பார்த்தாலும் ஆசை வரும். ஆண்டு என்று ஒரு வேலி போட்டுக்கொண்டால் தேடல் அதற்குள் அடங்கும்.

ஆனால் ஆண்டு பொருந்திவிட்டதாலேயே கருவி நல்லதாகிவிடாது. விரல் ஓடும் கழுத்துப் பகுதியான நெக் முறுக்கிக்கொண்ட பேஸ் எந்த ஆண்டில் செய்யப்பட்டிருந்தாலும் நெக் முறுக்கிக்கொண்ட பேஸ்தான். இனி வரும் பதில்களில் பாதி இதைத்தான் வேறு வேறு விதமாகச் சொல்லப்போகிறது.

நாலு கம்பிதானே இருக்கிறது? பாட்டில் அது கேட்பதே இல்லையே, அதற்கா இவ்வளவு செலவு?

கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டால் கேட்காதுதான். பேஸின் தடித்த கம்பி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியை விரல் நகம் அளவுள்ள ஒலிபெருக்கி எழுப்பவே முடியாது. நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இளையராஜாவின் 1980-களின் பாடல் ஏதாவது ஒன்றைப் போட்டு, குரலை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் பின்தொடருங்கள். பாட்டுக்குள் இன்னொரு பாட்டு நடந்துகொண்டிருக்கும். அவர் பிறந்த பண்ணைப்புரம் அன்று மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. இப்போது தேனி மாவட்டம். இந்த ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் பேஸ் கேட்காது என்று சொன்னால் எனக்குக் கோபம்கூட வருவதில்லை, வருத்தம்தான்.

என் அப்பா 1949-இல் பிறந்தவர். அவருக்குப் பரிசாக ஒன்று கிடைக்குமா?

அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனத்தில் கிடைக்காது. லியோ ஃபெண்டர் தன் பிரிசிஷன் பேஸை 1951-இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் பேஸ் கிட்டார் என்று சொல்லும் வடிவம் உலகெங்கும் பரவியது அதிலிருந்துதான். அதற்கு முன்பே, 1930-களின் நடுவில், சியாட்டில் நகரத்துப் பால் டுட்மார்க் என்பவர் ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் மின் பேஸ் ஒன்றைச் செய்தார். ஆனால் அவை அருங்காட்சியகப் பொருள்கள். தேடி வாங்குகிற வகையில் சேராது. அப்பாவுக்கு அவர் முதலில் கச்சேரி கேட்ட ஆண்டின் பேஸை வாங்கிக் கொடுங்கள். அவர் ஆட்சேபிக்கமாட்டார்.

சரி, எந்த ஆண்டில் பிறந்தவருக்கு எது தோது?

1960-களில் பிறந்தவருக்கு ஃபெண்டர் ஜாஸ் பேஸ் உண்டு; அது 1960-இல் வந்தது. வயலின் வடிவ ஹாஃப்னர் 500/1 அதற்கும் முந்தியது, 1956. ஆனால் 1960-களின் அசல் ஃபெண்டர்கள் பல லட்சம் ரூபாய் போகும். நடுத்தரக் குடும்பத்தில் அதற்கு வீட்டில் ஓட்டெடுப்பே நடத்த வேண்டியிருக்கும்.

1970-களில் பிறந்தவர்களுக்குத் தேர்வு அதிகம். அமெரிக்க ஃபெண்டர், ரிக்கன்பேக்கர் 4001, 1976-இல் அறிமுகமான மியூசிக் மேன் ஸ்டிங்ரே, 1977-இல் தொடங்கிய யமஹாவின் பிபி வரிசை, ஐபானெஸ் முதலிய ஜப்பானிய நிறுவனங்கள் செய்த பிரதிகள் என எல்லாம் உண்டு. இதில் ஜப்பானியப் பேஸ்கள்தான் நம் பணப்பைக்கு ஒத்துவருபவை. செய்நேர்த்தியிலும் சோடை போகாதவை. நான் அந்தக் கட்சி.

1982 முதல் 1984 வரை பிறந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஃபெண்டர் ஜப்பான் 1982-இல் தொடங்கியது. அதன் தொடக்ககாலக் கருவிகளில் ஜேவி என்ற எழுத்துகளுடன் எண் இருக்கும். பழைய வடிவங்களை அளவு பிசகாமல் மறுபடியும் செய்தார்கள்; அமெரிக்கத் தொழிற்சாலையே வெட்கப்படும் அளவுக்கு. 1990-களில் பிறந்த தம்பி தங்கைகளுக்கு மெக்சிகோவில் செய்த ஃபெண்டரும் கொரியாவில் செய்தவையும் எளிதாகக் கிடைக்கும். இவற்றைப் பழங்காலக் கருவி என்று சொல்வது கொஞ்சம் மிகை. வாசிப்பதற்கு அது தடையில்லை.

எந்த ஆண்டில் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் சீரியல் எண்ணைப் பாருங்கள். 1976-ஐ ஒட்டி ஃபெண்டர் எண்ணை நெக்கின் நுனியிலுள்ள ஹெட்ஸ்டாக்கில் அச்சிடத் தொடங்கியது. எஸ் என்ற எழுத்து எழுபதுகள், இ என்பது எண்பதுகள், என் என்பது தொண்ணூறுகள். அடுத்த இலக்கம் ஆண்டு. எஸ்8 என்றால் 1978, இ1 என்றால் 1981. முன்னால் எம் சேர்ந்து எம்என்4 என்று இருந்தால் மெக்சிகோ, 1994.

ஐபானெஸ் இன்னும் நல்ல பிள்ளை. 1975-இன் கடைசியிலிருந்து 1980-களின் பின்பகுதி வரை மாதத்தையே சொல்லிவிடும். ஏ முதல் எல் வரை பன்னிரண்டு எழுத்துகளும் பன்னிரண்டு மாதங்கள். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. டி78 என்று தொடங்கினால் 1978 ஏப்ரல். ரிக்கன்பேக்கரில் இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். 1961-க்கு ஏ என்று தொடங்கி 1986-க்கு இசட் வரை எண்ணிக்கொள்ளலாம். 1976 என்றால் பி. இன்னொரு அமெரிக்க நிறுவனமான கிப்சனில் 1977-க்குப் பிறகு எட்டு இலக்கங்கள்: முதலும் ஐந்தாவதும் ஆண்டு, இடையிலுள்ள மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 70108276 என்ற எண் 1978-இன் பத்தாவது நாள், அதாவது ஜனவரி 10.

எண் சரியாக இருக்கிறது. விற்பவரும் தெரிந்தவர். அப்புறம் என்ன?

அப்புறம் நெக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பழைய கருவிகளில் நெக் சேரும் இடத்தில் உள்ள எண் பதித்த தகடு ஸ்குருக்களால் மாட்டப்பட்டது, யாரும் மாற்றலாம். ஹெட்ஸ்டாக்கில் அச்சான எண் நெக்குக்கு மட்டுமே சாட்சி, உடலுக்கு அல்ல. கம்பிகளைத் தளர்த்தி, ஸ்குருக்களைக் கழற்றினால், நெக்கின் அடிப்பகுதியில் பல ஃபெண்டர்களில் தேதி முத்திரையோ பென்சில் எழுத்தோ இருக்கும். முத்திரை இல்லாத காலமும் உண்டு. அதனால் இல்லை என்பதாலேயே போலி என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்து உள்ளே இருக்கும் வால்யூம், டோன் பொட்டென்ஷியோமீட்டர்கள். முதுகில் எண் குத்தியிருக்கும். 1377812 என்றால் 137 அதைச் செய்த சி.டி.எஸ். நிறுவனம், 78 ஆண்டு, 12 வாரம். இதை ஒரு பக்கமாகத்தான் நம்ப வேண்டும். பேஸ் அந்தத் தேதிக்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது. பின்னால் எவ்வளவு காலம் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். ஃபெண்டர் 1966-இல் மொத்தமாக வாங்கிக் குவித்த பொட்டென்ஷியோமீட்டர்களைச் சில ஆண்டுகள் வரை பயன்படுத்திக்கொண்டிருந்தது. பற்றவைப்பு ஈயம் பழையதாக மங்கியிருக்கிறதா, புதிதாகப் பளபளக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தவர் என்பதால் கழற்றச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்பீர்கள். நிலப் பத்திரத்தில் வில்லங்கம் பார்க்க நாம் கூச்சப்படுவதில்லையே.

பள்ளிச் சான்றிதழில் 1.6.1976 என்று இருக்கிறது. அம்மா 1977 தை மாதம் என்கிறார். நான் எந்த ஆண்டுக்குத் தேட வேண்டும்?

இந்தக் கேள்வி வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரியாது. கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலம் அது. தொட்ட பிள்ளைக்குத் தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஒரு தேதி போட்டுவிடுவார். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் என் வயதுக்காரர்களில் பலர் இப்படி ஜூனில் பிறந்தவர்கள்தான்.

அம்மா சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் விற்பவர் சான்றிதழ் கேட்கமாட்டார். இன்னொரு வசதியும் இருக்கிறது. தமிழ்க் கணக்கில் பார்த்தால் 1976 ஏப்ரல் நடுவிலிருந்து 1977 ஏப்ரல் நடுவரை நள ஆண்டு. சித்திரையில் செய்த பேஸும் தை மாதத்தில் பிறந்த நீங்களும் ஒரே ஆண்டு. 1976 கருவி கிடைத்தாலும் 1977 கருவி கிடைத்தாலும் மனசாட்சிக்குக் குறைவில்லை. கறாராகத்தான் வேண்டும் என்றால், மேலே சொன்ன ஐபானெஸ் கணக்குப்படி ஏ77 என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள்.

எழுபதுகளின் ஃபெண்டர் மட்டம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. 1985 வரை வைத்திருந்தது. அந்த இடைக்காலத்தில் உற்பத்தி பெருகியது, கவனம் குறைந்தது. தடித்த பாலியஸ்டர் பூச்சு, கனத்த ஆஷ் மரம், ஜாஸ் பேஸில் நெக்கைப் பிடிக்க நான்கு ஸ்குரு இருந்த இடத்தில் மூன்று. ஐந்து கிலோவைத் தொடும் பேஸைத் தோளில் மாட்டி மூன்று மணிநேரக் கச்சேரி வாசித்தால் மறுநாள் தைலம் தேட வேண்டிவரும்.

ஆனால் அதே காலத்தில் நல்ல பேஸ்களும் வெளிவந்தன. மூன்று ஸ்குரு என்பதும் தன்னளவில் குற்றமல்ல. மரத்தில் குழி தளர்வாக வெட்டப்பட்டிருந்தால்தான் தொல்லை. நெக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளுங்கள். அசைந்தால் யோசியுங்கள். இரு ஓரக் கம்பிகளும் விரல் பலகையின் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு கம்பி வெளியே வழிந்துவிடுவதுபோல் இருந்தால் இன்னும் அதிகம் யோசியுங்கள். கடைசியாக, நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். நான்கு கம்பிகளும் சேர்ந்து நெக்கை ஏறக்குறைய 75 முதல் 85 கிலோ விசையில் இழுக்கின்றன. அந்த இழுப்பைச் சமன்செய்யும் தண்டு அது ஒன்றுதான். அது செத்துவிட்டால் ஆண்டுப் பொருத்தம் பார்த்துப் பயனில்லை.

லாசூட் பேஸ் என்று போட்டு விலையை ஏற்றி விற்கிறார்கள். அது என்ன வழக்கு?

1977-இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபானெஸின் அமெரிக்க விநியோகஸ்தர்மீது ஹெட்ஸ்டாக் வடிவத்தைக் காட்டி வழக்குப் போட்டது. அது சமரசத்தில் முடிந்தது. வழக்கு கிப்சன் வடிவத்தைப் பற்றியது. ஃபெண்டர் வடிவப் பிரதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சொல்லுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மதுரையில் கிடைக்குமா? சிங்கப்பூரில் மச்சான் இருக்கிறார், அவரிடம் சொல்லலாமா?

கடைகளில் அரிது. கலைந்துபோன மெல்லிசைக் குழுக்களின் பொருள்கள், தேவாலயங்களின் பழைய அலமாரிகள், சென்னையிலும் பெங்களூரிலும் கைமாறும் கருவிகள் ஆகிய மூன்றும்தான் உள்நாட்டு வழி. விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற வாசிப்பாளரின் வீட்டுக்குப் போனால் பேஸைப் பற்றி முதல் நாளே பேசாதீர்கள்; அவர் வாசித்த மேடைகளைப் பற்றிக் கேளுங்கள். அது தந்திரமில்லை. கேட்டால்தான் அந்தப் பேஸ் எங்கெங்கே அடிபட்டது, எந்தப் பாகம் மாறியது என்பது வெளியே வரும்.

மச்சான் வழி நல்ல வழி. கூரியரில் அனுப்பச் சொல்லாதீர்கள். பயன்படுத்திய பொருள்களை இறக்குமதி செய்ய நம் நாட்டில் கட்டுப்பாடு உண்டு. பெட்டி சுங்கத்தில் சிக்கிக்கொள்ளும். ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவந்தால் பயணிகள் சாமான் விதியில் வரும். வரம்பைத் தாண்டும் மதிப்புக்குத் தீர்வை கட்ட வேண்டும். வாங்கிய ரசீது கையில் இருக்கட்டும், மதிப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டாம்.

1966-க்கு முந்திய ஃபெண்டர் என்றால் இன்னொரு எச்சரிக்கை. விரல் பலகை பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்கலாம். 1992 முதல் அந்த மரம், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால் அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. 1966-க்குப் பிறகு ஃபெண்டர் பெரும்பாலும் பயன்படுத்தியது இந்திய ரோஸ்வுட், நம் ஈட்டி மரம்தான். அந்த மரத்தால் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இன் கடைசியிலிருந்து விலக்கு உண்டு.

மதுரை வெயிலை அது தாங்குமா?

வெயிலைவிட மாற்றம்தான் ஆபத்து. அக்னி நட்சத்திரத்தில் காய்ந்து ஐப்பசியில் ஊறும் மரம் அசையத்தான் செய்யும். காய்ந்தால் விரல் பலகை சுருங்கி, அதில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்களின் முனைகள் விளிம்பில் துருத்திக் கையைக் கீறும். ஈரம் ஏறினால் நெக்கின் வளைவு மாறிக் கம்பி உயர்ந்து நிற்கும். கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃபிரெட் அருகே இடைவெளி பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் சரி. இல்லையென்றால் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒருநாள் விட்டுப் பாருங்கள்.

மே மாதத்தில் பூட்டிய காரில் விட்டுச்செல்லாதீர்கள். கேஸைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைக்காதீர்கள். கரையானுக்கு அமெரிக்க மரம் இந்திய மரம் என்ற பேதமில்லை. சென்னைக்கு எடுத்துப்போவதானால் பாண்டியன் எக்ஸ்பிரஸில் மேல் படுக்கையை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே படுக்கவைத்துவிடுங்கள். தூக்கம் கொஞ்சம் கெடும்.

அண்ணே, கோயில் திருவிழா மேடையில் ஷாக் அடிக்கிறது. பேஸ் பழையதாக இருப்பதாலா?

பேஸ் அப்பாவி. பேட்டரி இல்லாத பழைய பேஸுக்கு மின்சாரமே தேவையில்லை. ஆனால் அதன் கம்பிகள், அவற்றை உடலில் தாங்கும் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு இணைந்திருக்கும். ஆம்ப் ஒரு இணைப்பிலும் மைக் மிக்சர் வேறொரு இணைப்பிலும் இருந்து, ஒன்றில் எர்த் சரியில்லை என்றால், கையில் கம்பியும் உதட்டில் மைக்கும் பட்ட நொடியில் உங்கள் உடல்தான் வயர். 1972-இல் லெஸ்லி ஹார்வி என்ற ஸ்காட்லாந்து கிட்டார் கலைஞர் வேல்ஸில் மேடையிலேயே இப்படி இறந்தார். ஊர்த் திருவிழாக்களில் ஜெனரேட்டருக்கும் மின்வாரிய லைனுக்கும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். எர்த்துக்கு ஆணி அடிக்க யாருக்கும் நினைவு வராது.

எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் கேளுங்கள். வாசிக்கும் முன் டெஸ்டரை மைக்கின் வலையில் வைத்துப் பாருங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டுபவரை மேடைக்குப் பக்கத்தில் விடாதீர்கள். வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் மாட்டினால் அந்தப் பாதையே அறுந்துவிடும். மச்சான் ஆம்ப்பும் அனுப்புகிறார் என்றால் ஒன்று: அமெரிக்க ஆம்ப் 120 வோல்ட், ஜப்பானியது 100 வோல்ட். நம் 230-இல் நேராகச் செருகினால் புகைதான்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாமா?

கேஸுக்கு வையுங்கள். ஈரச் சந்தனம் பழைய லேக்கர் பூச்சில் கறையாக நிற்கும். பூச்சே இல்லாத விரல் பலகையில் ஊறிவிடும். சரஸ்வதி கோபிக்கமாட்டாள்.

புது ஸ்ட்ரிங் விலை கட்டுப்படியாகவில்லை. கொதிக்கவைத்தால் புதிதாகும் என்கிறார்களே?

ஆகும், சில நாளுக்கு. வியர்வையும் எண்ணெயும் கரைந்து ஒலி துலங்கும்; பிறகு முன்னைவிட வேகமாக மங்கும். நன்றாகத் துடைத்துக் காயவைக்காவிட்டால் துரு. சாம்பார் வைக்கும் பாத்திரத்தில் செய்யாதீர்கள். மேற்புறம் வழவழப்பாகச் சுற்றிய ஃபிளாட்வவுண்ட் வகை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவன இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷன் பேஸில் ஃபிளாட்வவுண்ட் கம்பிகள்தான் மாட்டினார். அறுந்தாலொழிய மாற்றுவதில்லை என்பது அவரைப் பற்றிய பிரபலமான செய்தி.

பெயின்ட் உரிந்து அசிங்கமாக இருக்கிறது. கார் பட்டறையில் கொடுத்துப் புதிதாக அடிக்கலாமா?

வேண்டாம். அசல் பூச்சு போனால் விலை பெருமளவு விழும். அதைவிட, ஆண்டுக்கு இருந்த சாட்சிகளில் ஒன்று போய்விடும். புதிதாகப் பளபளக்க வேண்டுமென்றால் புதிய பேஸையே வாங்கிவிடலாம்.

நெக் 1978, உடல் 1983, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் போன வருடம் மாற்றியது. இதையும் பிறந்த ஆண்டு பேஸ் என்று சொல்லலாமா?

விலை பேசும்போது சொல்லக் கூடாது. ஒட்டுக் கருவி ஒட்டுக் கருவியின் விலைக்குத்தான் போக வேண்டும். வாங்கிய பிறகு நீங்கள் எப்படி அழைத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. என் கணக்கில் நெக்தான் பேஸ். கை தொடுவது அதைத்தான், தேதி நிற்பதும் அதில்தான்.

மாற்றங்கள் எல்லாமே கேடு என்று நினைக்கவும் வேண்டாம். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸின் ஃபிரெட்களை எடுத்துவிட்டுப் பலகையில் எபாக்சி பிசின் பூசினார். அசல் நிலையைக் கெடுத்த வேலைதான். அந்தப் பேஸிலிருந்து வந்த ஒலியை இன்றுவரை உலகமெங்கும் பின்பற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு அந்த விபரீத ஆசை வந்தால், புதிய மலிவான பேஸில் செய்து பாருங்கள்.

என்னிடம் 1981 பேஸ் ஒன்று சும்மா கிடக்கிறது. அதே ஆண்டில் பிறந்த ஒருவர் சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

கொடுங்கள். சும்மா கிடக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆனால் அந்தக் கூடுதல் பணம் ஆண்டுக்காகத் தரப்படுவது. அதனால் ஆண்டை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. அவர் முன்னிலையில் நெக்கைக் கழற்றிக் காட்டுங்கள், பொட்டென்ஷியோமீட்டர் எண்ணைப் படம் எடுக்கவிடுங்கள், மாற்றிய பாகங்களை ரசீதிலேயே எழுதுங்கள். நெக்கில் 1980 டிசம்பர் என்று இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். நெக் செதுக்கிய மாதமும் பேஸ் முழுமையான மாதமும் ஒன்றாக இருப்பதில்லை. விவரம் தெரிந்தவர் பின்வாங்கமாட்டார்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். முதலில் அவரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு கழற்றுங்கள். வரிசை மாறினால் கம்பியை மறுபடியும் ஏற்றி, நெக் நிலைகொள்ளக் காத்திருந்து, சுருதி சேர்ப்பதற்குள் வந்தவர் கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவார்.